சிரிக்காத முகம்

பொங்கலுக்கு என் கணவர் பார்த்திபனுக்கு அனுப்பலாம் என்று பஜாரில் ஒரு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டேன். போட்டோக்காரன் இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினான்.

“சிரிக்காம இருக்கறதையே அனுப்புங்கக்கா. சிரிச்சா கண்ணோரம் சுருக்கம் வுழுது. வயசு கூட தெரியுது.”

பாழாய்ப் போனவன். உண்மையைத்தான் சொன்னான், அதுதான் எரிச்சல். சிரித்த படத்தில் இருந்தவள் எனக்கு அக்கா மாதிரி இருந்தாள். அவர் குவைத்துக்கு டிரைவராகப் போய் நான்கு வருடம் ஆகிறது. விட்டுவிட்டுப் போன முகத்தைத்தானே வந்து தேடுவார்? அன்றிலிருந்து வீடியோ காலில் நான் சிரிப்பதே இல்லை. அவர் என்ன கேலி பேசினாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு ‘உம்’ கொட்டுவேன். போனை வைத்த பிறகு அதையே நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

இந்த மாதம் அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. வந்துவிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க எனக்கு வீம்பு. தானாக வரட்டும் என்று ஏங்கி ஏங்கிக் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. சாப்பாட்டு நேரத்தில், நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் பின்வாசலில் உட்கார்ந்து வீடியோ காலில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஊர்க் கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு குரங்கு, முதலாளி ராமகிருஷ்ணன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு மதிலில் ஏறியது. கடைக்கு வருகிறவர்களை எல்லாம் ‘வாங்க, வாங்க’ என்று கும்பிட்டே பழகிய மனிதர், குரங்கையும் விடவில்லை.

“இன்னாங்க இது? கீழ வாங்க, குடுத்துடுங்க!”

என்னால் அடக்க முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். கையில் போன் இருப்பதே பிறகுதான் நினைவுக்கு வந்தது. சட்டென்று முகத்தை இறுக்கினேன்.

போனில் அவர் கண் கலங்கியிருந்தது.

“இன்னாங்க ஆச்சு?”

“இந்த மூஞ்ச இத்தினி மாசமா எங்க வெச்சிருந்த? நான் வர்றது உனக்குப் புடிக்கலன்னு நெனச்சுட்டேன் பாரதி.”

“சிரிச்சா வயசானவளா தெரியறேங்க. அதான்...”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நேத்துதான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டேன்.”

கடைக்குள் போய்விட்ட முதலாளி அங்கிருந்து கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

“ரெண்டு வருஷம் கழிச்சு மெய்யாலுமே வயசாயிடும்ங்க,” என்றேன்.

“ஆவட்டும். இப்ப சிரி. பாத்துக்கறேன்.”

சிரித்தேன், அத்தனை சுருக்கத்தோடும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனை முகத்துக்கு இன்னும் கிட்டே பிடித்தேன்.