நாலு விரல் உயரம்

ஜெபராணிக்கு நாற்பத்து மூன்று வயது. இந்த வயசில் சைக்கிளா என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் பாக்கியில்லை. கேட்டவர்களில் ஒருத்தராவது திங்கட்கிழமை காலையில் அவளைக் கம்பெனியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார்களா? ம்ஹும்! வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

விஷயம் இதுதான். சிங்காநல்லூரில் அவள் வீடு. ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை. பதினோரு வருஷமாக அதே மெஷின். ஆட்களை ஏற்றி வந்த கம்பெனி வேனைப் போன வாரம் நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸோ, வந்தால் வரும். நாலு நாள் லேட். கணவர் பிரகாசம் விடியுமுன்னே மார்க்கெட்டுக்கு மூட்டை இறக்கப் போய்விடுவார். சனிக்கிழமை சூப்பர்வைசர் லட்சுமணசாமி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"திங்கக்கெழம எட்டரைக்கு உங்க மெஷின் ஓடலீன்னா வேற ஆளப் போட்டுருவனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி."

மரியாதைக்கெல்லாம் குறைவில்லை. வேலைதான் போகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராக இஸ்மத் பாய் சைக்கிள் கடைக்குப் போனாள். கையில் ஆறாயிரம் ரூபாய். பிரகாசம் மொபெட்டில் கூடவே வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? கியரும் ஸ்பிரிங்கும் வைத்த, தடித்த டயர் போட்ட ஒன்றைத் தட்டிக் காட்டி, "வாங்குனா இதையத்தான் வாங்கோணும், கெத்தா இருக்குது" என்றார்.

"கெத்த வெச்சு என்னங்க பண்றது? கேரியர் இல்ல, சோத்துப்போசிய எங்க கட்டறது? மட்கார்டு இல்ல, மழ பேஞ்சா முதுகெல்லாம் சேறு. வெல வேற பத்தாயிரங்க."

அடுத்தது ஒல்லி டயர், வளைந்த ஹேண்டில். அதையும் ஒதுக்கினாள். "இதுல குனிஞ்சு போனா ரோட்டத்தான் பாக்கோணும். ஞாயித்துக்கெழம கொளத்தச் சுத்திப் போயி கூழைக்கடா பறவையெல்லாம் பாக்கோணும்னு எனக்கு ஆசைங்க."

பிரகாசம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். இருபது வருஷத்தில் இந்த ஆசை அவர் காதில் விழுந்ததே இல்லை.

மூலையில் நீலமாக ஒன்று நின்றது. கியர் கிடையாது. நிமிர்ந்து உட்காரலாம், முன்னால் கூடை, பின்னால் கேரியர், டயர் நடுத்தரம். கையிலிருந்த காசுக்குள் அடங்கியது. ஆனாலும் அவள் உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

"மேம்பாலம் ஏறிப் பாத்துட்டு வாரனுங்க."

"எல்லாரும் கடையச் சுத்தித்தானுங்க ஓட்டிப் பாப்பாங்க" என்றார் பாய்.

"எங்க கம்பெனி உங்க கடையச் சுத்தியா இருக்குதுங்க?"

பாய் சிரித்துவிட்டார். கம்பெனிக்குப் போகிற வழியில் ரயில்வே மேம்பாலம் ஒன்று உண்டு. அதில் ஏற முடியாவிட்டால் சைக்கிள் இருந்தும் பிரயோசனமில்லை.

பாதிப் பாலம்கூட ஏறவில்லை, முட்டி தீயாய் எரிந்தது. இறங்கித் தள்ளினாள். பின்னால் வந்த பிரகாசம் மொபெட்டை நிறுத்தி, "உடு ராணி, நமக்கு ஒத்துவராது. ஊட்டுல இருந்துக்க. நான் சம்பாரிக்கறது பத்தாதா?" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார், பாவம். ஆனால் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷம் மெஷினை மிதித்த கால் இது, இப்போது ஒத்துவராதா? இன்னொரு தரம் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். பெடலில் வைத்த காலின் முட்டி வயிற்றுக்கு வந்து நின்றது. அட!

கம்பெனியில் சேர்ந்த மாசம் முட்டி இப்படித்தான் எரிந்தது. ஸ்டூல் தாழ்வு. நாலு விரல் கனத்துக்கு ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள், ரெண்டே நாளில் வலி போன இடம் தெரியவில்லை.

சைக்கிளைத் திருப்பிக் கடைக்கு வந்தாள். "சீட்ட நாலு விரல் ஏத்துங்க பாய்."

"வேண்டாமுங்கம்மா. ரெண்டு காலும் தரையில ஊனற மாதிரிதானுங்க லேடீஸ்க்கு வெக்கறது. எல்லாருக்கும் அப்படித்தான் வெச்சுக் குடுக்கறேன்."

"அதனாலதான் எல்லாரும் பாலத்துல தள்ளிட்டுப் போறாங்க. ஓட்டறதுக்குத்தானுங்க சைக்கிளு, நிக்கறதுக்கா? நிறுத்தறப்போ நான் முன்னால எறங்கிக்கறேன்."

பாய் ஸ்பேனரை எடுத்தார்.

இந்த முறை கால் நன்றாக நீண்டு மிதித்தது. பாலத்தின் அடியில் பிரகாசத்தை வழிமறித்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. அது நகர்ந்து அவர் உச்சிக்குப் போய்ப் பார்த்தால் ஆளைக் காணோம். பயந்துபோனார். இறக்கத்தின் முடிவில் கரும்பு ஜூஸ் வண்டி பக்கத்தில் நீல சைக்கிள் நின்றது. ஜெபராணி பாதி டம்ளரைக் குடித்து முடித்திருந்தாள். வேர்வை ஒழுகுகிற முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"ஏனுங்க, இவ்வளவு நேரமா?" என்றாள். "உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

பிரகாசம் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, ஜூஸ்காரரிடம், "எங்கூட்டுக்காரிங்க. ஒரே மிதி, மேல ஏறிப்போட்டா!" என்றார்.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் லட்சுமணசாமி கையிலிருந்த கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார். மணி எட்டு பத்து.

"வேன்தான் இல்லீங்களே அம்மணி, எதுலீங்க வந்தீங்க?"

"என்ற முட்டியிலதானுங்க வந்தேன்" என்றாள் ஜெபராணி.

உள்ளே போய்ப் பலகையைச் சரிசெய்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த ஹாலில் முதலில் ஓடியது அவள் மெஷின்.