இருமல் போடிக்குக் கிளம்பியது

காய்ச்சல் சுடர்விழியின் வீட்டை விட்டுப் போன அன்றே இருமலும் கிளம்பியிருக்க வேண்டியது. காய்ச்சல் முன்னால் போய்விட்டது. இருமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்புக்குள் காலை நுழைத்தபோது, அவள் கணவன் மாசிலாமணி, "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டான்.

வெளியே கிளம்புகிறவரை அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது. உள்ளே திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இருமலுக்கு முறை தெரியும். வந்து உட்கார்ந்தது, தண்ணீர் குடித்தது, எழுந்தது. மாசிலாமணி மறுபடியும் கேட்டான்.

இப்படியே வாரங்கள் ஓடின. இருமல் பகலெல்லாம் சுடர்விழியின் தொண்டையில் இருந்தது. மாலையானால் பையோடு வாசல்வரை போய்த் திரும்பியது.

"வேணும்னா கேக்கறேன்? ஒரு மரியாதைக்குக் கேக்கறேன்" என்றான் மாசிலாமணி.

"உங்க மரியாதைல எனக்கு வர வேண்டிய வேலைதான் போகப் போகுது!" என்றாள் சுடர்விழி.

அவள் விண்ணப்பித்திருந்தது பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. திங்கட்கிழமை குரல் தேர்வு. ஊர்ப்பெயருக்கு ஊர்ப்பெயர் இருமினால் யார் எடுத்துக்கொள்வார்கள்?

தெருவுக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸ் ஜெபக்கனியிடம், "அக்கா, இந்த ஊசி இதை வெளிய அனுப்பாதா?" என்று கேட்டாள்.

"இந்த ஊசி வாசல் காவல்காரரும்மா. புதுசா வர்றவங்களைத்தான் தடுத்து நிறுத்துவாரு. உள்ள உக்காந்திருக்கறவங்களை எழுப்ப மாட்டாரு. டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"காட்டுனேன். நெஞ்சு சுத்தமா இருக்காம். தானாப் போயிடும்னாரு."

"அப்ப போறப்ப விடுங்க."

ஊசி போட்டதும் காவல்காரர் அவள் இடது தோளில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டூல் கால் அழுத்திய இடம் கொஞ்சம் வலித்தது. இருமலும் கையை நீட்டியது. ஜெபக்கனி அதற்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

திங்கட்கிழமை பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் இப்ராஹிம் அவளை விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்.

"வர்றவங்ககிட்ட எங்க போகணும்னு கேளுங்க. கேட்டுட்டு வண்டியைச் சொல்லுங்க. அவ்வளவுதான் பரீட்சை."

அவள் தொண்டையைச் செருமினாள். தொண்டை காலியாக இருந்தது. எட்டிப் பார்த்தாள். இருமல் இறங்கிப் போய், பையோடு வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தது.

"கேளுங்கம்மா" என்றார் இப்ராஹிம்.

கேட்டால் இருமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். கேட்காவிட்டால் பரீட்சை போச்சு. சுடர்விழி மைக்கை அருகில் இழுத்தாள்.

"பயணிகள் கவனத்திற்கு. தேனி செல்லும் பேருந்து முதல் நடைமேடையில் நிற்கிறது."

இருமல் அசையவில்லை.

"கம்பம் செல்லும் பேருந்து அதற்குப் பின்னால் நிற்கிறது."

இருமல் உதட்டைப் பிதுக்கியது.

"போடி செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது."

இருமல் தலையாட்டிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டது. ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பேருந்து வளைவில் திரும்பி மறையும்வரை சுடர்விழி மூச்சு விடவில்லை. விட்டபோது அது சுத்தமாக வந்தது.

இப்ராஹிம் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

"கேக்கச் சொன்னேன், நீங்க கேக்கல. ஆனா வரிசையே காலியாயிடுச்சு. நாளைலேருந்து வந்துடுங்க. ஒண்ணு மட்டும். அந்தத் தென்காசி வண்டி பயந்த சுபாவம். அதட்டிக் கூப்பிட்டா ஷெட்டை விட்டு வராது."

சுடர்விழி மைக்கில் குரலைத் தாழ்த்தி, "வா கண்ணு, யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றாள்.

தென்காசி வண்டி ஷெட்டுக்குள்ளிருந்து முன்விளக்கை மட்டும் நீட்டிப் பார்த்தது. பிறகு மெல்ல வந்து, ஜன்னலருகில் அவள் தடவிக் கொடுப்பதற்காகத் தலையைத் தாழ்த்தியது.