இமைக்குள் ஓடிய வலிப்பு

கரியாலூருக்கு மேலே, மரவள்ளிக் காட்டில், எதிர்காற்று என்றும் பாராமல் பூச்சிமருந்து அடித்தவர் விவசாயி பாவாடை. வாயில் நுரை தள்ள, கை கால் வெட்டி இழுக்க, மலையிலிருந்து ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். விஷமுறிவு மருந்துகள் வேலை செய்தன. நுரை நின்றது, இழுப்பும் நின்றது. தூக்க மருந்தையும் நிறுத்தியாயிற்று. ஆனாலும் செயற்கை சுவாசத்தோடு கட்டை மாதிரிக் கிடந்தார்.

"மூளைக்கு ஆக்சிஜன் போகாம இருந்திருக்கும், அனிட்டா. வூட்டுக்காரம்மாகிட்ட பக்குவமா சொல்லிடு," என்றார் தலைமை மருத்துவர் அன்புச்செல்வன்.

அதைச் சொல்லத்தான் டாக்டர் அனிட்டா கட்டிலருகே போனாள். பாவாடையின் மனைவி சாலம்மாள் முந்திக்கொண்டாள்.

"நான் பேசறது அவருக்குக் கேக்குதுங்க டாக்டரம்மா. இமை துடிக்குது பாருங்க."

துடித்தது. சாலம்மாள் பேச்சை நிறுத்திய பிறகும் ஒரே சீராகத் துடித்தது. அனிட்டா இமையை விலக்கினாள். கண்மணி இடப்பக்கமாக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. வலிப்பு நிற்கவே இல்லையோ? உடம்பை விட்டுவிட்டு மூளைக்குள் மட்டும் ஓடுகிறதோ?

வேகமாகத் திரும்பி வந்தாள். "சார், மூளை அலை எப்படி ஓடுதுன்னு இஇஜி எடுத்துப் பாத்துடலாம்."

"கை கால் எதுவும் அசையலியே."

"உள்ள ஓடிக்கினு இருந்தா வெளிய தெரியாது சார். கண்ணை மட்டும் வந்து பாருங்க."

அன்புச்செல்வன் வந்து தாமே இமையை விலக்கினார். சற்று நேரம் பார்த்தார். "மிஷினைக் கொண்டாரச் சொல்லு."

டெக்னீஷியன் பிரிட்டோ மண்டையில் பசை தடவி ஒவ்வொரு ஒயராக ஒட்ட, அனிட்டாவால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. திரை ஒளிர்ந்தது. ரம்பப் பல் போலக் கூரான அலைகள், இடைவெளி விடாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். அசையாமல் கிடந்த அந்த மனிதருக்குள் மூளை ஓய்வில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

"வலிப்பு இருக்கு சார்," என்றாள்.

வலிப்பு மருந்து ஊசியில் ஏறியது. அலைகள் அடங்கின, அனிட்டா மூச்சு விடுவதற்குள் மறுபடி எழும்பின. இன்னொரு மருந்தைச் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ரம்பப் பற்கள் ஒவ்வொன்றாக மழுங்கி, மெல்லிய நெளிவுகளாயின. இமையும் நின்றது.

கதவருகே நின்ற சாலம்மாள் ஓடி வந்தாள். "இன்னா பண்ணீங்க? துடிச்சிக்கினு இருந்ததும் நின்னுடுச்சே."

"அது வலிப்பும்மா. அதான் அவரை முழிக்க வுடாம புடிச்சிக்கினு இருந்துச்சு. இப்பதான் மூளை ஓயுது."

சாலம்மாள் நம்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அனிட்டாவுக்கும் முழு நம்பிக்கை இல்லை. மூளை ஏற்கெனவே சேதப்பட்டிருந்தால் இதனால் என்ன பலன்?

மறுநாள் முழுக்க அலைகள் அமைதியாகவே இருந்தன. அதற்கடுத்த நாள் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். வலிப்பு திரும்பவில்லை. அனிட்டா அவர் உள்ளங்கையில் தன் விரல்களை வைத்தாள்.

"பாவாடை, கையை அழுத்துங்க."

ஒன்றுமில்லை. மறுபடி சொன்னாள். விரல்கள் மெதுவாக மடங்கி அவள் கையைப் பற்றின. கண்கள் திறந்தன. அவளைத் தாண்டிச் சாலம்மாளைத் தேடி நின்றன. சாலம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அனிட்டா நடைவழியில் ஏறக்குறைய ஓடினாள். எதிரே அன்புச்செல்வன் வந்துகொண்டிருந்தார்.

"முழிச்சிட்டார் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடையை எட்டிப் போட்டார்.

"வா, இன்னொரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடு. நானும் பாக்கணும்."