கடலுக்கு முதுகு காட்டும் வீடு

1

வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கதையை எழுதத் தொடங்கிவிட்டேன். "பழைய வீடும்மா, கடல்லேருந்து கூப்பிடு தூரம்" என்று தரகர் தொலைபேசியில் சொன்னதுதான் மூலம். உடனே எழுதிய முதல் வரி:

அகன்ற ஜன்னலின் வழியே கடல் அவளை ஆயிரம் ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்த—

(அடித்துவிட்டேன். அவ்வளவு காலம் விடாமல் அழைக்கிறவர் காப்பீட்டு முகவராகத்தான் இருக்க முடியும்.)

அவள் ஜன்னலைத் திறந்தாள், தன்னையே திற—

(இதை ஏன் அடித்தேன் என்று விளக்க வேண்டியதில்லை.)

2

"அவள்" என்று எழுதினாலும் நான்தான். வேலைக்காலம் முழுவதும் நீதிமன்றத்தில் பிறர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள். கணவர் இல்லை. மாதக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் இந்தப் பழைய வீடா, மகள் வீட்டில் எனக்காக ஒதுக்கிய அறையா என்று முடிவு சொல்ல வேண்டும். அந்த அறையில் நடைப்பயிற்சி இயந்திரம் ஒன்றும் குடியிருக்கிறது. மாப்பிள்ளை அதில் சட்டை காயப்போடுவார்.

(விமர்சகர்கள் கவனிக்க: இயந்திரம் குறியீடு அல்ல. சட்டை காயப்போடும் இடம்.)

3

மகளும் கூட வந்தாள். உப்புக் காற்றில் ஊதிப்போயிருந்த கதவைத் தரகர் தோளால் இடித்துத் திறந்தார். புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஈரம் படம் போட்டிருந்தது. அதை முதுகால் மறைத்து நின்றார். படம் அவரைவிட அகலம்.

ஜன்னல்கள் எல்லாம் தெருவைப் பார்த்தன. கடல் பக்கம் மொட்டைச் சுவர்.

"கடல் எங்க?" என்றாள் மகள்.

"சுவத்துக்கு அந்தப் பக்கந்தாங்க. நல்லா கேக்கும்."

"கேக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"அந்தக் காலத்து ஆளுங்க வெவரமா கட்டியிருக்காங்கம்மா. உப்புக் காத்த உள்ள விட்டா பீரோவையே தின்னுரும். ஜன்னல் வேணும்னா சொல்லுங்க, சுவத்த ஒடச்சாப் போச்சு."

"ஒடச்சா வீடு நிக்குமா?"

"நிக்கிற வரைக்கும் நிக்குங்க."

மகள் என் பக்கம் திரும்பினாள். "கடலப் பாத்துக்கிட்டே எழுதப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கியேம்மா."

சொல்லித்தான் வைத்திருந்தேன். எழுதுகிறவர்களுக்கு உள்ள வியாதி இது: எழுத என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன் எதிரே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. நீதிமன்றத்தில் என் மேசைக்கு எதிரே கழிவறை. ஒரு வாக்குமூலமும் அதனால் கெட்டதில்லை.

"ஜன்னல் வேணாம். வீடு வேணும்," என்றேன்.

"இங்க விழுந்து வெச்சா யாரும்மா தூக்குவா?"

(இங்கே சுதந்திரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி, கிழித்துப் போட்டேன். உண்மையில் நான் சொன்னது:)

"உன் வீட்ல விழுந்தாலும் இதே இடுப்புதாண்டி."

தரகர் சிரித்தார். அது வியாபாரத்துக்கு நல்லதா என்று யோசித்து நிறுத்திக்கொண்டார்.

4

முடிவு அ: முதல் மழையிலேயே கூரை இறங்குகிறது. அழுதுகொண்டே மகளிடம் திரும்புகிறேன். பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும்.

முடிவு ஆ: அலையோசையில் ஞானம் பெறுகிறேன். பரிசுக் குழுவுக்குப் பிடிக்கும்.

இரண்டையும் அடித்துவிட்டேன். வயதான ஆண் இடிந்த வீட்டை வாங்கினால் துணிச்சல்காரர். பெண் வாங்கினால் டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள். நான் எடுத்த முடிவு சரிதான் என்று நிரூபிக்கும் வேலையை இந்தக் கதையிடம் கொடுக்க மாட்டேன். அதற்கு வேறு வேலை இருக்கிறது, எனக்கும்.

5

தரகரிடம் சரி என்று சொல்லியாகிவிட்டது. மகள் இதுவரை எழுதியதைப் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னைய வில்லியாக்கிட்ட. எப்ப வந்தாலும் நான் கதவத் தொறப்பேன்னு ஒரு வரி சேத்துக்க."

சேர்த்துவிட்டேன்.

(எப்போது போனாலும் மகள் கதவைத் திறப்பாள்.)

"அதுக்கு எதுக்கு அடைப்புக்குறி?"

"அது உள்ளயே பத்திரமா இருக்கட்டும். இப்ப எடுக்கப் போறதில்ல."

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கூரையை இறக்குங்கள், வாசல்வரை கடலைக் கொண்டுவாருங்கள், உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று: வீட்டை வாங்கிய அவளை வருத்தப்பட வைக்காதீர்கள். வருத்தப்படுவதாக இருந்தால் அதை நானே எழுதிக்கொள்வேன்.