பேரையூர் கோல்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. கல்லூரி இதழுக்கான கட்டுரையாகத்தான் தொடங்கியது. தலைப்பு, 'புதிய கால்பந்து வீடியோ கேம்: விளையாடிப் பார்த்த அனுபவம்'. முந்நூறு சொற்கள், வெள்ளிக்கிழமைக்குள். கேட்டவள் இதழாசிரியை பிருந்தா. எழுத வேண்டியவன் என் அறைத்தோழன் சூரியபிரகாஷ். அவன் மூன்று வரியும் ஒரு சொல்லும் எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டான். எனக்குக் கால்பந்தும் தெரியாது, வீடியோ கேமும் தெரியாது. ஒன்றும் தெரியாதவன் கட்டுரை எழுதினால் மாட்டிக்கொள்வான். கதை எழுதினால் மாட்டமாட்டான்.

அவன் எழுதியது இது:

"இந்த ஆண்டுப் பதிப்பில் ஆட்டக்காரர்களுக்கு எடை வந்திருக்கிறது. ஓடுகிறவன் பம்பரம் மாதிரி நின்ற இடத்தில் திரும்புவதில்லை, இரண்டடி தாண்டித்தான் திரும்புகிறான். உடம்பு ஒரு பக்கம் பார்க்க, மறுபக்கம் பாஸ் கொடுத்தால் பந்து தப்பிப் போகிறது. கோல்கீப்பர்"

அவ்வளவுதான். அந்தக் கோல்கீப்பர் என்ன செய்தான் என்பதுதான் கதை.

2

முதல் தொடக்கம்: திண்டுக்கல் சாலையின் மீது மாலை வெயில் மஞ்சளாகப் படர்ந்து

[வேண்டாம். கதை நடக்கிற இடத்துக்கு ஜன்னலே கிடையாது.]

இரண்டாவது தொடக்கம்: விளாங்குடியில் ஒரு சிமென்ட் கடைக்கு மேல்மாடியில் காசிமாயன் அண்ணனின் கேம் சென்டர் இருக்கிறது. இரண்டு டிவி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஏசி. ஏசி ஓடுகிறதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. சென்டருக்கு ஒரே சட்டம்தான்: ஜெயித்தவன் பெயர் பலகையில் இருக்கும். அவனை எவனாவது தோற்கடித்தால், தோற்றவன் தன் பெயரைத் தன் கையால் அழிக்க வேண்டும். அடுத்தவன் பெயரில் எவனும் கை வைக்கக்கூடாது.

பலகையில் பதினொரு மாதமாக ஒரே பெயர். சூரியபிரகாஷ். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பேரையூர் கோல்'.

பேரையூர் அவன் ஊர். கோல் அவன் போடுவது. வலது ஓரமாகவே ஓடி, கோல் கோட்டை ஒட்டி நின்று, கோணமே இல்லாத இடத்திலிருந்து, கீப்பருக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவில் தாழ்வாக ஓர் அடி. கீப்பர் ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் பாய்வான். ஒவ்வொரு முறையும் பந்து உள்ளே.

சென்டருக்கு வருகிற வேறு எவனும் அதைப் போடமாட்டான். சட்டமில்லை, மரியாதை.*

* எங்கள் பக்கத்தில் ஒரு பொருளுக்கு ஊர்ப் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதைச் சோதித்துப் பார்க்கிற வழக்கமில்லை. பதினொரு மாதத்தில் ஒருவன், ஒரே ஒருவன், அந்த மரியாதையை மீறிச் சென்டரில் அடித்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

3

இப்போது விஸ்வநாத் வர வேண்டும். தல்லாகுளத்துப் பையன், அப்பாவுக்குக் கோர்ட்டில் எழுத்தர் வேலை. பாஸ் பாஸாகக் கொடுத்து அழகாக விளையாடுவான், அழகாகத் தோற்பான். சூரியிடம் இதுவரை முப்பத்தேழு தடவை. ஒவ்வொரு தடவையும் கைகொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவான்.

இவனை நான் நம்பவில்லை. இம்புட்டு நல்லவன் கதைக்கு உதவமாட்டான். கதையிலிருந்தே அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தால் சூரி தனியாக விளையாட வேண்டும். ஆகவே இருக்கிறான். ஆனால் எதையோ மறைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

4

புதன்கிழமை மதியம், ஐந்தாவது பீரியடுக்கு மட்டம் போட்டுவிட்டு, சூரி நோட்டும் பேனாவுமாக மாடியேறினான். புதுப் பதிப்பு அன்று காலைதான் ஏறியிருந்தது.

முதல் அரைமணி நேரம் அவன் சந்தோஷமாகவே இருந்தான். தடுப்பாட்டக்காரர்கள் கண்மூடித்தனமாகப் பந்தைத் துரத்தாமல் வரிசை கட்டி நிற்பதைக் குறித்துக்கொள்ள நினைத்தான். எழுபதாவது நிமிடத்தில் ஓடிக் களைத்தவன் நிஜமாகவே மூச்சு வாங்கினான். மழையில் பந்து தேங்கி நின்றது. எப்படி இருக்கிறது என்று காசிமாயன் கேட்டதற்கு, "ஆளுக வெயிட்டா இருக்காய்ங்கண்ணே" என்று திருப்தியோடு சொன்னான்.

பிறகு பேரையூர் கோலை அடித்தான். கீப்பர் பாயவில்லை. கம்பத்தை ஒட்டி, பேங்க் வாசல் செக்யூரிட்டி மாதிரி நின்றுகொண்டு, காலை மட்டும் நீட்டினான்.

சூரி ஆறு தடவை அடித்தான். ஆறு தடவையும் கால்.

காசிமாயன் உதவி செய்கிற எண்ணத்தில் செல்போனை எடுத்து, கம்பெனிக்காரன் வெளியிட்டிருந்த மாற்றங்களின் பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். பதினான்காவது இடத்தில் நின்றார். பக்கத்துக் கம்பத்தில் கோல்கீப்பர் செய்துவந்த தவறு சரிசெய்யப்பட்டது என்று போட்டிருந்தது. அவர் பலகையைப் பார்த்தார். சூரியைப் பார்த்தார்.

"அப்ப அது நீ போட்ட கோல் இல்லையா, தம்பி?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பிரச்சினை.

5

விஸ்வநாத் நான்கு மணிக்கு வந்தான். சூரி சுற்றிவளைக்காமல் கேட்டான்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"தெரியும் மாப்ள. வீட்ல அடிச்சுப் பாத்தேன். பத்துக்குப் பத்து."

"யார்ட்டயும் சொல்லலயே நீ."

"என் தங்கச்சியும் அடிச்சா. பல்லு வெளக்கிக்கிட்டே அடிச்சா."

"ஏன்டா சொல்லல?"

"பலகைல ஊர் பேர எழுதிட்டாய்ங்க. அதுக்குமேல என்னத்தச் சொல்ல."

"அப்ப நீயாச்சும் இங்க அடிச்சிருக்கலாம்ல?"

விஸ்வநாத்துக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அது உங்க ஊரு கோலுடா" என்றான்.

6

உட்கார்ந்தார்கள். பலகைக்கான ஆட்டம். பதினொரு மாதமாகப் பாஸ் கொடுக்கும் தேவையே இல்லாதிருந்தவன் அன்றைக்குப் பாஸ் கொடுக்கக் கற்றுக்கொண்டான். பாதி தப்பிப் போனது. ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தொன்பதாவது நிமிடம், பந்து சூரியிடம், வலது ஓரம், கோல் கோட்டை ஒட்டி. அதே இடம். நடுவில் அவனுடைய ஆள் ஒருத்தன் காவலில்லாமல் கை தூக்கி நிற்கிறான்.

முடிவு அ: பழக்கத்தில் பேரையூர் கோலை அடிக்கிறான். கால். தோற்கிறான்.

முடிவு ஆ: பாஸ் கொடுக்கிறான். கோல். பிருந்தாவுக்குப் பிடிக்கும். பாடப்புத்தகத்தில்கூடச் சேர்ப்பார்கள். அதனாலேயே

[இந்த இடத்தில் சூரி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டான். ரெண்டும் நடக்கவில்லை, நடந்ததை எழுது என்கிறான். எழுதுகிறேன்.]

நடந்தது: ஆட்டத்தை நிறுத்தி வைத்தான். எழுந்தான். துணியை எடுத்துத் தன் பெயரை அழித்தான். சூ-வில் தொடங்கி, நிதானமாக, ஷ் வரை.

"டேய், இன்னும் தோக்கலடா நீ" என்றார் காசிமாயன்.

"முப்பத்தேழு தடவ தோத்திருக்கேண்ணே. இப்பத்தான் தெரிஞ்சுச்சு."

கீழே அந்தச் சின்ன எழுத்து இருந்தது. அதன்மேல் துணியைக் கொண்டுபோனவன், கை வரவில்லையோ என்னவோ, துணியை விஸ்வநாத்திடம் நீட்டினான். விஸ்வநாத் வாங்கவில்லை.

"அவனவன் பேர அவனவன்தான் அழிக்கணும். அது பேரையூருல்ல? பேரையூர் வந்து அழிக்கட்டும்."

காசிமாயன் யோசித்துவிட்டு, சட்டப்படி சரிதான் என்றார்.

7

அப்புறம் அந்த ஒரு நிமிடத்தையும் ஆடி முடித்தார்கள். யார் ஜெயித்தது என்று பலகையில் இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள். படி குறுகல், சிமென்ட் மூட்டை கிடக்கும், பார்த்து ஏறுங்கள்.

நான் சொல்ல வேண்டியது நோட்டைப் பற்றி. நாளை வெள்ளிக்கிழமை. மூன்று வரி அப்படியே இருக்கிறது. நாலாவதையும் நீயே எழுது, உண்மையத்தான எழுதணும் என்றேன். உண்மைதான், கீப்பரைச் சரிசெய்தது நல்ல மாற்றம்தான் என்று ஒப்புக்கொண்டு சூரி பேனாவை வாங்கினான். பத்து நிமிடம் வைத்திருந்தான். திரும்பக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். கீழே விஸ்வநாத் வண்டியோடு நின்றிருந்தான்.

உங்களுக்குக் கைவசம் ஒரு வினைச்சொல் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பார்த்துப் போடுங்கள், அவன் படிப்பான்.

கோல்கீப்பர்