சுவாதி நட்சத்திரத்துக் குவார்ட்டர்பேக்

டெக்ஸஸ் மாநிலம் இர்விங்கில், 2021 அக்டோபர் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு, சோபாவில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்த பன்னிரண்டு வயது மானஸாவின் இடது தோள்பட்டை மூட்டை விட்டு நழுவி இறங்கியது. யாரும் அவளைத் தொடவில்லை. அதே நிமிடம், முந்நூறு மைல் தள்ளி, சான் சபா ஸ்டேட் கல்லூரி மைதானத்தில் வெஸ்லி ட்ரெண்ட் என்ற பத்தொன்பது வயதுக் குவார்ட்டர்பேக்கை எதிரணிக்காரன் ஒருவன் ஓடிவந்து இடது தோள் தரையில் மோதும்படி சாய்த்தான். குவார்ட்டர்பேக் என்பவன் அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வாங்கி வீசுகிறவன். அவன் வீசுவதற்குள் அவனைத் தள்ளிவிடுவதுதான் எதிரணியின் பிழைப்பு. வெஸ்லி எழுந்து, புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, அடுத்த பந்தை நாற்பது கெஜம் வீசினான். மானஸாவை எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனார்கள்.

இதற்கெல்லாம் காரணம் மானஸாவின் அப்பா கஸ்தூரிரங்கன்தான். தொண்ணூற்றாறில் மயிலாப்பூரிலிருந்து நேராக சான் சபா ஸ்டேட்டில் எம்.எஸ். படிக்க வந்தவர் அவர். அந்த ஊரில் சனிக்கிழமை மைதானத்துக்குப் போகாதவர்கள் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களும் அவரும் மட்டும்தான். ஒரே மாதத்தில் அவரும் போக ஆரம்பித்தார். அவருடைய மனைவி நாகலக்ஷ்மியின் தம்பி சபரி படித்ததோ டுவால் டெக்கில். இரண்டு கல்லூரிகளுக்கும் 1911-இலிருந்து பகை. ஒரு மாட்டு மணியை யார் திருடினார்கள் என்பதில் தொடங்கியது. வருஷத்துக்கு ஒரு ஆட்டம், ஜெயித்தவர்களுக்கு அந்த மணி. கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஆறு வருஷம் தொடர்ந்து மணி டுவாலிலேயே தங்கிவிட்டபோது, ஃப்ரீமாண்டில் இருந்த சபரி ஒவ்வொரு நவம்பரிலும் போன் போட்டு, "அத்திம்பேர், கேக்கறதா?" என்று மட்டும் சொல்லி, வீட்டுப் பூஜை மணியை ஒரு நிமிடம் ஆட்டிவிட்டு வைத்துவிடுவார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க கஸ்தூரிரங்கன் ஒன்றும் சந்நியாசி இல்லை.

2021 செப்டம்பர் கடைசியில் டாலஸ் பக்கத்துப் பெருமாள் கோவிலில் வெஸ்லி பேருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கினார். பட்டர் கோத்திரம் கேட்டார். பின்னால் வரிசை நின்றது. அர்ச்சனை வரிசையில் யோசித்துக்கொண்டு நிற்பவனை யாருக்கும் பிடிக்காது. வெஸ்லிக்கு ஏது கோத்திரம்? தன்னுடைய பாரத்வாஜ கோத்திரத்தையே சொல்லிவைத்தார். நட்சத்திரம் கேட்டபோது வாயில் வந்தது மகளுடைய சுவாதி. பட்டர் அமெரிக்காவில் பதினெட்டு வருஷமாக அர்ச்சனை செய்கிறவர். பேரைக் கேட்டுப் புருவத்தைத் தூக்குவதை எப்போதோ விட்டுவிட்டார். வெஸ்லி நாமதேயஸ்ய என்று கணீரென்று சொல்லித் துளசியைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பையன் இந்த வீட்டுப் பிள்ளை. ஒரே வம்சத்தில், ஒரே நட்சத்திரத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அவனுக்கு விழும் அடியைப் பெருமாள் யாரிடம் சேர்ப்பார்? சின்னவளிடம் சேர்த்தார்.

அந்தத் தோள்பட்டையை விட்டால் முதல் மூன்று வருஷம் பெரிய கஷ்டம் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சான் சபா அப்போது பிளெயின்ஸ் கான்பரன்ஸில் இருந்தது. கான்பரன்ஸ் என்பதை நம் ஊர்க் கூட்டணி என்று வைத்துக்கொள்ளலாம்: பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்துகொண்டு, பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடும். பிளெயின்ஸ் கூட்டணி சோப்ளாங்கிக் கூட்டணி. அங்கே ஓடிவந்து இடித்தவர்கள் நாளைக்கு அக்கவுண்டன்ட் ஆகப்போகிற பையன்கள். மானஸாவுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் முழங்கையில் சிராய்ப்பு, முதுகில் ஒரு நீலம், இவ்வளவுதான். நாகலக்ஷ்மி ஃப்ரீஸரில் பட்டாணிப் பையோடு ஐஸ் பையும் வைத்தாள். நாலு வீடு தள்ளியிருந்த நாகர்கோவில்காரரான எலும்பு டாக்டர் ஞானசீலன் வந்து பார்த்துவிட்டு, "எங்க சபையிலயே நாலு வெஸ்லி உண்டும். ஒருத்தனுக்காவது இந்த மாதிரி ஒரு கொடுப்பினை இல்லையே" என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போவார். வெஸ்லிக்கோ வலி என்றால் என்ன என்றே மறந்துவிட்டது. இடித்தால் எழுந்தான், எழுந்தால் வீசினான். மூன்று நவம்பரிலும் மணி சான் சபாவுக்கு வந்தது. ஃப்ரீமாண்ட் போன் ஊமையானது. கஸ்தூரிரங்கன் அந்த மூன்று வருஷமும் சந்தோஷமாக இருந்தார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பெண் கையில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு டச் டவுனுக்கும் அவர் துள்ளிக் குதித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர் மேல் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

வலி தெரியாத குவார்ட்டர்பேக் இருக்கும் கல்லூரியை யார் விட்டுவைப்பார்கள்? 2023 கோடையில் கல்ஃப் கான்பரன்ஸ், அடுத்த வருஷத்திலிருந்து தன்னோடு ஆடும்படி, சான் சபாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. செய்தியைக் கேட்ட நாகலக்ஷ்மி, கல்ஃப் என்றால் துபாய், ஷார்ஜா பக்கம் போய் ஆடப்போகிறார்கள், தூரத்தில் விழுகிற அடி இங்கே வந்து சேராது என்று நினைத்து, அன்று பாயசம் வைத்தாள். கல்ஃப் என்பது மெக்ஸிகோ வளைகுடா என்று ஞானசீலன்தான் சொன்னார். ஒரு கூட்டணி இன்னொன்றைவிட ஏன் பலமாக இருக்கிறது என்று இர்விங்கின் லாஸ் கோலினாஸ் ஆபீஸ்களில் நம்மவர்கள் லஞ்ச் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாதாடுகிறார்கள். டிவிக்காரர்கள் தரும் தொகை என்பார் ஒருவர், கோச் என்பார் இன்னொருவர். சரியான பதில் மானஸாவின் உடம்பில் இருந்தது. பிளெயின்ஸில் ஒரு அணிக்கு இடிக்கிறவர்கள் நாலு பேர். கடைசிக் கால்மணியில் அவர்களுக்கு மூச்சு வாங்கும், அடி தளரும். கல்ஃபில் அந்த நாலு பேர் களைத்தால் அதே எடையில் இன்னொரு நாலு பேர், அவர்களும் களைத்தால் மூன்றாவதாக நாலு பேர். கடைசி நிமிடத்து அடியும் முதல் நிமிடத்து அடி மாதிரியே விழும். அடுத்த வாரமும் இதே மாதிரி ஒரு அணி வரும். நடுவில் இளைப்பாற ஒரு சனிக்கிழமைகூடக் கிடையாது.

2024 செப்டம்பரில் அவளுக்கு இரண்டு விலா எலும்பு போயிற்று. அக்டோபரில் கணுக்கால். நவம்பர் முதல் வாரம் தலையில் ஒரு அடி விழுந்து, மூன்று நாள் அவளுக்குத் தன் ஸ்கூல் பேர் ஞாபகமில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் கோல் போஸ்ட் எந்தப் பக்கம் என்று கேட்டாள். திங்கட்கிழமைதோறும் புதுக்காயத்தோடு வரும் பெண்ணைப் பார்த்து ஸ்கூல் நர்ஸ் புகார் கொடுக்க, குழந்தைகள் நல அதிகாரி ஒருத்தி ஒரு சனிக்கிழமை முழுக்க அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்தின் மூன்றாவது கால்மணியில் அவள் கண்ணெதிரிலேயே மானஸாவின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. டிவியையும் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படிவத்தில் காரணம் என்ற இடத்தில் கல்ஃப் கான்பரன்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கேஸ் மூடப்பட்டது. அன்றைக்கு அவள் போன பிறகு நாகலக்ஷ்மி டிவி முன்னால் நின்று, "ஏன்னா, போறும். அந்தக் கடன்காரன் படிச்சு முடிச்சு எங்கேயாவது ஒழியட்டுமே!" என்று அழுதாள். அர்ச்சனைக்கு முன்னால் பட்ட ஒரு பழைய காயத்தின் கணக்கில் வெஸ்லிக்கு ஐந்தாவது வருஷமும் ஆட அனுமதி கிடைத்திருந்தது. அதற்குப் பிறகு தொழில்முறை லீக் காத்திருந்தது. அங்கே கூட்டணி கிடையாது, எல்லாருமே கல்ஃப்.

2025 செப்டம்பரில், கல்ஃபின் முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், கஸ்தூரிரங்கன் பட்டரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னார். பட்டர் ஆச்சரியப்படவில்லை. கோத்திரத்தை அறுக்க முடியாது, சொன்னது சொன்னதுதான் என்றார். "நட்சத்திரம் தப்பாச் சொல்லிட்டேன்னு வேணா மறுபடி ஒரு அர்ச்சனை பண்ணலாம். அந்தப் பையனோட நட்சத்திரம் தெரியுமோ? தெரிஞ்சா சொல்லிடுங்கோ, அவனோடது அவன்கிட்டயே போயிடும்." கஸ்தூரிரங்கனுக்குத் தெரியும். வெஸ்லியின் பிறந்த தேதியை அணியின் இணையதளத்தில் பார்த்து, ரேவதி என்று எப்போதோ கணித்து வைத்திருந்தார். நாலு வருஷமாக வலி தெரியாமல் உடம்பை எறிந்து ஆடப் பழகிவிட்ட பையன், திடீரென்று வலி தெரிந்தால் முதல் ஆட்டத்திலேயே உடைந்துபோவான். சான் சபாவும் அவனோடு உடையும்.  பின்னால் வரிசை செருமியது.

"அனுஷம்" என்றார்.

"அது யாரோடது?"

"என்னோடது. பண்ணுங்கோ."

அவருக்கு அப்போது ஐம்பத்தி மூன்று வயது. இதயத்தில் ஒரு ஸ்டென்ட். பையனுக்காகச் செய்தாரா, கல்லூரிக்காகச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் விஷயத்தைச் சொன்னது ஞானசீலன் ஒருவரிடம்தான். அவரோ, "ரெங்கன் சார், இது ஒமக்கு வேண்டாத வேல. ரேவதின்னு சொல்லியிருந்தா ஒமக்கு இந்தப் பாடு இல்லையே" என்று திட்டிவிட்டு, சனிக்கிழமை ஆம்புலன்ஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இருபதாம் தேதி இரண்டரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பதினாறு வயதாகியிருந்த மானஸா எல்லாச் சனிக்கிழமையும் செய்வதுபோல் பல்லுக்கு அடிபடாமல் ரப்பர் கார்டு மாட்டி, விலாவில் தலையணை கட்டி, சோபாவின் மூலையில் உட்கார்ந்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டோன்ட் லுக் அட் மீ, அம்மா. வாட்ச் தி கேம்" என்றாள். நாலாவது பந்திலேயே வெஸ்லிக்கு அரணாக நிற்க ஆளில்லாமல் போயிற்று. முந்நூற்று இருபது பவுண்டு எடையுள்ள ஒருவன் அவனுடைய வலப்பக்கமாக வந்துகொண்டிருந்தான். வெஸ்லி விலகவில்லை, விலகத் தேவையில்லை என்று அவனுக்கு நாலு வருஷமாகத் தெரியும். மானஸா கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையணையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். டிவியில் அந்தச் சத்தம் கேட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது விலாவைத் தொட்டுப் பார்த்தாள், இடதையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

அவர் நாற்காலியை விட்டுக் கீழே சரிந்திருந்தார். ஞானசீலன் ஏற்கெனவே அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெஸ்லி புல்லைத் தட்டிவிட்டு எழுந்தான், அரங்கம் அதிர்ந்தது.

"அப்பா... வாட் டிட் யூ டூ?" என்றாள் மானஸா. ரப்பர் கார்டு இன்னும் வாயில் இருந்ததால் அது அழுகை மாதிரிதான் கேட்டது.

"ஒண்ணுமில்லடா கண்ணா" என்றார் கஸ்தூரிரங்கன். மூச்சு சேர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பந்து போச்சா? ஃபர்ஸ்ட் டவுனா?"

பந்து வேண்டிய பத்து கெஜத்தைத் தாண்டிவிட்டதா என்று மானஸா டிவியைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள். நாகலக்ஷ்மி ஃப்ரீஸரிலிருந்து ஐஸ் பையை எடுத்துக்கொண்டு வந்து, யாரிடம் போக வேண்டும் என்று ஒரு கணம் தெரியாமல் நடு ஹாலில் நின்று, பிறகு கணவன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விலாவில் வைத்து அழுத்தினாள். அந்த சீசனில் இன்னும் ஒன்பது ஆட்டங்கள் பாக்கி இருந்தன.