ஒரே எண்ணில் இரண்டு பாட்டு

டெய்சிக்கு அம்மா பாட்டுக் கேட்கும் அந்தப் பிளேயரைக் கண்டாலே எரிச்சல். உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆனால் அதில் பல்லாயிரம் பாட்டு, எல்லாம் ஒரே பட்டியலில். புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் கம்ப்யூட்டர் பட்டியல் முழுவதையும் முதலிலிருந்து சரிபார்க்கும். காலையில் கேபிளைச் செருகினால் மத்தியானச் சோறே ஆறிப்போகும். படுக்கையில் கிடக்கும் அம்மா விமலாராணி அதுவரை கேட்கப் பாட்டில்லாமல் சுவரைப் பார்த்து அழுவாள்.

அம்மாவுக்கு வேண்டியது ஒரே குரல்தான். பாலக்காட்டு ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போன மகன் ஜெஃபினின் குரல். மதுக்கரைக் கோயில் பாடகர் குழுவில் பாடியவன். குழுவை நடத்தும் அப்பா தேவானந்தம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பாடவைத்துப் போனில் பதிவார். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் போனிலிருந்து அழித்துவிடுவார். பாட வராத டெய்சி அந்தப் பக்கமே போனதில்லை.

"கண்ணு, இதைக் கொஞ்சம் வெரசாப் பண்ண முடியாதா?" என்று அம்மா கேட்டதும் டெய்சிக்கு மனசு தாங்கவில்லை. பட்டியலைச் சின்னச் சின்னதாகப் பிரித்தாள். தவக்காலத்து லெந்துப் பாட்டு தனி, கிறிஸ்துமஸ் பாட்டு தனி. ஒரே பெயரில் இரண்டு மூன்று கிடந்தால் கடைசியாக ஏற்றியதை வைத்துக்கொண்டு பழையதை அழித்தாள். ஒவ்வொன்றையும் திறந்து கேட்க யாருக்குப் பொறுமை? இடம் போதவில்லையென்று குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். கேபிளைச் செருகினாள். அடுப்பில் வைத்த டீ கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு.

அப்பா உள்ளே வந்தார்.

"பேரு ஒண்ணா இருந்ததையெல்லாம் அழிச்சுப்போட்டனுங்கப்பா. இப்பப் பாருங்க, எத்தனை வெரசுன்னு."

அவர் முகம் வெளுத்தது. "பாட்டுப் புஸ்தகத்து நம்பர்தான் அம்மணி நாங்க வெக்கற பேரு. யாரு பாடுனாலும் அதே நம்பர்தான். ஜெஃபினுக்கும் அதேதான்."

டெய்சி கம்ப்யூட்டரைத் துழாவினாள். அவன் பாடியது ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டரில் இல்லாதது பிளேயரில் மட்டும் எதற்கென்று, அங்கேயும் அவன் பாட்டையெல்லாம் கேபிள் வழியே துடைத்துவிட்டிருந்தது. முன்போல ஊர்ந்திருந்தால் பாதியிலாவது கேபிளைப் பிடுங்கியிருக்கலாம். பாவி, தன் கையாலேயே அல்லவா வேகமாக ஓடவிட்டாள்.

அம்மா பிளேயரை வாங்கி இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். யாரோ பாடினார்கள். அடுத்ததை அழுத்தினாள். அதிலும் வேறு யாரோ.

"அம்மா," என்றாள் டெய்சி.

"இரு கண்ணு, அவன் பாட்டு வரட்டும்," என்று அம்மா இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்.